காவிரி வண்டலும் கும்பெனி ஆட்சியும்

தஞ்சை வளநாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசர்தம் போர்களையும் கோயிற் பணிகளையும் விரித்துரைப்பர். காவிரியின் அடியில் ஆண்டுதோறும் படியும் மணலைப் பற்றி ஒருவரி எழுதுவோர் மிகச் சிலரே. அந்நாட்டை ஆண்டவர் திறமையை அளக்க அம்மணலினும் சிறந்த அளவுகோல் வேறில்லை என்பது எம் கருத்து. 1804-இல் நோய் இன்னதென்று அறிந்த அரசு, அதற்குரிய மருந்தை 1836-இல்தான் செய்தது. இடைப்பட்ட 32 ஆண்டுகளிலும் வரிதண்டல் நிற்கவில்லை. இக்காலத் தாழ்வு எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஆற்றின் இயல்பை அறிதல் வேண்டும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி என்னும் பெயருடனே திருவரங்கத் தீவைச் சுற்றி ஓடுகின்றது. தீவின் கீழ்க்கோடியில் இரு கிளைகளும் மீண்டும் நெருங்குகின்றன. அவ்விடத்தில் காவிரி நீர் தாழ்ந்த கொள்ளிடத்தில் வடிந்துவிடாமல் காப்பது கல்லணை. கரிகாலன் கட்டியது என்பது வழிவழி வந்த செய்தி. கொள்ளிடம் நேராகவும் சரிவு மிக்கதாகவும் ஓடுவது. வயல்களுக்குப் பாயும் காவிரியோ சரிவு குறைந்தது. ஆகவே மணல் காவிரியின் தலைவாயிலிற் படியும். படியப் படிய வெள்ளம் கொள்ளிடத்தை நாடும். நாடிய வெள்ளம் கொள்ளிடத்தை மேலும் ஆழமாக்கும். கோடையில் மணலை அகற்றி வாயிலைத் திறந்து வையாவிடின், தஞ்சைக்குரிய நீர் பயனின்றிக் கடலை அடையும்.

இத்தலைவாயிலும் கல்லணையை ஒட்டிய கரையும் தஞ்சை அரசரின் ஆட்சிக்குட்பட்ட நிலத்தில் இல்லை. திருச்சிராப்பள்ளியை ஆண்டவர் கையில் இருந்தன. நீர் ஒருவர்க்கு, கரை மற்றொருவர்க்கு என்னும் இந்நிலையே பல இடர்களுக்கு வித்தாயிற்று. 1754-ஆம் ஆண்டுப் போரில் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையினரும் தஞ்சையை வருத்தக் கருதிக் கோவிலடி அருகே கரையை வெட்டினர். பத்தாண்டு கழித்து, கரையைச் செப்பனிடத் தஞ்சை அரசர்க்கு உரிமையுண்டா என்று நவாபு முகம்மதலி வழக்கிட்டார். சென்னைச் சபையார் தலையிட்டு ஆராய்ந்த பின்னரே அவ்வுரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது. தன் வயலுக்கு வரும் நீரின் கரையில் மண்ணிடுவதற்கு ஓர் அரசன் அயலாரிடம் இசைவு கேட்டு நின்றான் என்பது எண்ணத்தக்கது.

1773-இல் கும்பெனிப் படையின் துணையால் நவாபு தஞ்சையைக் கைப்பற்றினார். 1776 ஏப்ரலில் ஆளுநர் பிகட்டுப் பிரபு அதனைத் துளசா மன்னர்க்கு மீட்டளித்தார். உடனே பால் பென்பீல்டு என்னும் கும்பெனி ஊழியர், தாம் கொடுத்த கடன்களுக்கு ஈடாகத் தஞ்சை வருவாயும் வயலில் நின்ற பயிரும் தமக்குரியன என்று கூறி 2,34,000 பவுன் கோரினார். அவ்வாண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் ஆளுநரே தம் சபையோரால் சிறைப்படுத்தப்பட்டார்; காவலில் இருந்தவாறே 1777 மே மாதத்தில் உயிர் நீத்தார். நட்ட பயிர்மேல் கடன் கணக்கு எழுதத் தெரிந்த இவர்களுள் வாய்க்காலைப் பற்றிக் கவலை கொண்டார் யார்?

இதுகொண்டு, மராட்டிய மன்னர் ஆட்சி பொற்காலம் என்றும் பின் வந்தது இருட்காலம் என்றும் பிரித்தல் எளிதேயாயினும் உண்மையாகாது. 1781-இல் ஐதரலியின் படையெடுப்பால் நாடு பாழ்பட்டது. அதன்பின் துளசா மன்னரின் அமைச்சர் பாபா என்பார் செய்த கொடுமை தாங்காது குடிகள் ஊர்விட்டு ஓடினர். ஜூனில் தொடங்கவேண்டிய உழவு செப்டம்பர் தொடக்கத்திலும் தொடங்கவில்லை. நீதி செய்வதாக அரசர் வாக்களித்தும் நம்புவாரில்லை. சுவார்ட்சு என்னும் செருமானியப் பாதிரியார் உறுதி கூறிய பின்னரே திரும்பினர். ஒரே நாளில் 7,000 பேர் வந்ததாக அவர் தம் கடிதத்தில் எழுதியுள்ளார். அரசன் சொல்லுக்கு இல்லாத மதிப்பு ஓர் அயல்நாட்டுத் துறவியின் சொல்லுக்கு இருந்தது!

1799 அக்டோபரில் செய்த உடன்படிக்கையால் தஞ்சை நாடு கும்பெனியார் கைக்கு மாறிற்று. இரண்டாம் சரபோசி மன்னர்க்குக் கோட்டையும், ஆண்டுக்கு ஓரிலட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்திலொரு பங்கும் விடப்பட்டன. 1801-இல் கருநாடகமும் கும்பெனியார் வசமாயிற்று. எனவே கரைக்கு ஓர் அரசு, நீருக்கு ஓர் அரசு என்னும் பழைய தடை முற்றும் நீங்கியது. முக்கொம்பு முதல் கடல்வரை ஒரே ஆட்சி. இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை.

1804-இல் கால்டுவெல் என்னும் படைப் பொறியாளர் (நம் மொழிநூற் கால்டுவெலர் வேறு) ஆற்றை ஆராய்ந்து, பெரும்பகுதி நீர் கொள்ளிடத்தில் கழிவதைக் கண்டறிந்தார். அவர் கருத்துப்படி கல்லணை இரண்டேகால் அடி உயர்த்தப்பட்டது. இது கடைவாயிலை அடைத்ததேயன்றித் தலைவாயிலைத் திறந்ததாகாது. நீர் தேங்குமிடத்தில் மணலும் தேங்கும் என்பது சிற்றூர் உழவனும் அறிந்தது. பின்னர், மணலை வெளியேற்றுவதற்காகக் கல்லணையில் அடிமதகுகள் அமைக்கும் திட்டம் எழுந்தது. இவ்வாறு நோய் முக்கொம்பில் இருக்க, மருந்து கல்லணையிலேயே பூசப்பட்டு வந்தது.

இத்தாழ்வுக்கு அறியாமை காரணமன்று, அறிக்கைகள் கையிலிருந்தன. பணமின்மையும் காரணமன்று, தென்னாட்டு மாவட்டங்களுள் தஞ்சை மிக்க வருவாய் தருவது. வரி தண்டுதல் தவணை தவறாது நிகழ்வதற்கு ஆட்சியமைப்பில் ஆள் இருந்தனர். மணல் அகற்றுதல் தவறாது நிகழ்வதற்கு அவ்வாறு பொறுப்பேற்றோர் இலர் என்பதே எம் துணிபு. அறுவடை முடிந்து புதுவெள்ளம் வருவதற்கு முன்னுள்ள சில திங்களே ஆற்றில் வேலை செய்யத்தக்க காலம். செலவு மதிப்பீடு சென்னை சென்று இசைவு பெற்றுத் திரும்புவதில் இரு திங்கள் தாழ்த்தால் ஓராண்டு கழிந்தது என்க.

ஆர்தர் காட்டன் இம்முட்டைக் கடந்தார். 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. மணலையே அடித்தளமாகக் கொண்டு கட்டும் முறையைக் கல்லணையிடமிருந்தே தாம் கற்றதாக அவர் ஒப்புக்கொண்டார். முன்னோர் செய்த அணைகளைப் பழுது பார்க்கவும் மாட்டாதார் என ஆங்கிலேயரை இந்நாட்டு மக்கள் இகழ்ந்தனர் என்றும் அவரே எழுதிவைத்தார். தம் அரசைப் பற்றி ஓர் அலுவலர் தந்த இச்சான்றை எளிதில் ஒதுக்கலாகாது.

மேலணை விரைவிற் பயன் தந்தது. அளவு கடந்தும் தந்தது. காவிரித் தலைவாயில் மிகுதியாக அரிக்கப்படவே, 1840களில் காவிரிக் கிளையின் குறுக்கும் ஒரு தடுப்பணை கட்டவேண்டியதாயிற்று. 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டத்தால், ஊரார் மரபாகச் செய்துவந்த குடிமராமத்து வேலையை ஆணையிட்டு வாங்கும் அதிகாரத்தை அரசு பெற்றது. வழக்கம் உயிருடன் இருந்த காலத்தில் அதற்குச் சட்டம் வேண்டப்படவில்லை.

காட்டன் எழுப்பிய மேலணை, பின்வந்த மாற்றங்களுடன், 182 ஆண்டுகள் பணி செய்தது. 2018 சூலையில் மேட்டூர் அணை நிரம்பிப் பெருவெள்ளம் வந்தது. ஆயினும் கடைமடை வயல்களுக்கு நீர் எட்டவில்லை என்று உழவர் முறையிட்டனர். ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, மேலணையின் தென்பகுதியிலிருந்த 45 மதகுகளுள் 9 இடிந்து கொள்ளிடத்தில் வீழ்ந்தன. அளவிறந்து மணல் அள்ளியதே காரணம் என்று உழவர் குற்றஞ்சாட்டினர். அரசு அதனை மறுத்தது. நோய் இப்பொழுது தலைகீழாயிற்று: கும்பெனிக் காலத்தில் அகற்றப்படாத மணல் இடர் செய்தது, இன்றோ அகற்றப்பட்ட மணலே வழக்குப் பொருள். உடைந்த இடத்தில் மணல் மூட்டைகளையும் பாறைகளையும் இட்டு, காவிரிக் கிளைக்கு நீரைத் திருப்பினர். புதிய கதவணை அதனருகே பின்னரே கட்டப்பட்டது.