இன்ஜினைப் பிரிக்கணும்னு மெக்கானிக் சொல்றாரா? முதல்ல இதைப் பாருங்க!

பழைய கார் நீலப் புகை விடுது, ஆயிலும் சீக்கிரம் குறையுதா? இன்ஜின் உள்ளே தேய்மானம் இருக்கலாம். ஆனால் எடுத்ததுமே முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டியதில்லை.

பிரிக்கும் முன்: பெட்ரோல் இன்ஜினில் கம்ப்ரஷன் குறைவாக உள்ள சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மீண்டும் அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கும். ஏறவில்லையா? வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்டில் கோளாறு இருக்கலாம். அப்போது பெரும்பாலும் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். செலவும் குறையும்.

பிரித்த பிறகு என்ன பார்க்கணும்?

* ஹெட்: அடிப்பக்கம் வளைந்திருக்கிறதா?
* சிலிண்டர்: சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் இருக்கணும். ஆயிலைப் பிடித்து வைப்பது அவைதான். அவை அழிந்து, நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் ரீபோர் தேவைப்படலாம்.
* பேரிங்: வெள்ளி நிறம் போய் செம்பு நிறம் தெரிந்தால் மாற்றணும்.
* ஆயில் சம்ப்: மினுமினுக்கும் உலோகத்தூள் இருந்தால் உள்ளே ஏதோ பாகம் தேய்கிறது.

கழற்றிய பாகங்களை நேரில் பார்த்து, சிலிண்டர் அளவையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ரீபோருக்கு சரின்னு சொல்லுங்க.