வன்னியில் ஊமைக்காயம்

வன்னியின் வரலாற்றைக் குளங்களைக்கொண்டு எழுதுவர். அக்குளங்களை அண்டி வாழ்ந்தோரின் மண்ணீரலைக்கொண்டும் எழுதலாம். மலேரியாக் காய்ச்சல் அடுத்தடுத்து வருமிடத்து மண்ணீரல் வீங்கி, விலாவெலும்பின் காப்பை விட்டுக் கீழிறங்கும். அப்பொழுது மாட்டின் உதையோ மரத்தினின்று வீழ்தலோ, தோல் கிழியாதிருப்பினும், உள்ளே குருதி பெருகச் செய்து உயிரைக் கவரும். இதனையே ஊமைக்காயம் என்றனர்.

இந்தியாவிலும் இதற்குச் சான்றுண்டு. ஆக்ராவில் ஃபுல்லர் என்னும் ஆங்கிலேயரால் அடியுண்ட குதிரைக்காரர் மண்ணீரல் வெடித்து இறந்தார். ஃபுல்லருக்குத் தண்டம் 30 ரூபா. வீங்கிய மண்ணீரல் ஆளவந்தோர்க்கு நல்லதொரு வழக்கறிஞராயிற்று!

இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஊமைக்காயமோ ஒழிந்திலது, இன்று மோட்டார் சைக்கிளின் கைபிடியும் உழவு இயந்திரமும் அதனை விளைக்கின்றன. சிதைந்த மண்ணீரலை அகற்றுதலே முன்னைய முறை. அவ்வாறு அகற்றப்பெற்ற குழந்தைகள் கொடுந்தொற்றுக்கு ஆளாதலைக் கிங், சூமேக்கர் என்போர் 1952 இல் காட்டினர். ஆதலின், குருதியமுக்கம் தளராதவரை ஸ்கான் செய்து படுக்கையிற் கண்காணிப்பதும், தளரின் குருதியேற்றி உடன் அறுவை செய்வதும் இன்றைய முறையாயின. ஆனால் காத்திருந்து பார்த்தல் மருத்துவமனைக்குள்ளேயே பொருந்தும். முல்லைத்தீவின் உட்கிராமத்தில், காயமொன்றும் தெரியவில்லையே என வீட்டிற் படுத்திருப்பவர், இடத்தோளில் எழும் வலியும் மண்ணீரற் குருதியின் அறிகுறியாகலாம் என்பதை அறிதல் வேண்டும்.