தாது வருஷப் பஞ்சமும் எங்கள் மண்டியும்

சிறு வயதில் தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் அப்பத்தா, "தாது வருஷத்துல பொறந்திருந்தா தெரியும்" என்பார். அவரும் அப்போது பிறக்கவில்லை. மாமனார் சொல்லிக் கேட்டதுதான். அந்த மாமனார், என் கொள்ளுத்தாத்தா, சேலத்தில் தானிய மண்டி வைத்திருந்தவர். எங்கள் பூர்வீக வீடு பஞ்சம் முடிந்த கையோடு கட்டியது.

1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் கடுமையாக அடிபட்டது. சேலம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. மழை பொய்த்தது உண்மை. ஆனால் ரயில் இருந்தது, மூட்டைகளும் வந்து இறங்கின. வாங்கத்தான் ஏழையிடம் காசு இல்லை. வைஸ்ராய் லிட்டன் தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்றார். விலை ஏறினால் சரக்கு தானே வரும் என்பது அவர்கள் கணக்கு. நாட்டிலிருந்து தானிய ஏற்றுமதிகூட நிற்கவில்லை.

இதில் என்னை உறுத்துவது ரிச்சர்ட் டெம்பிளின் கதை. 1874-ல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து, சாவைப் பெருமளவு தடுத்தவர் அவர். வீண் செலவு என்று அதற்குத் திட்டு வாங்கினார். 1877-ல் சென்னைக்கு அனுப்பப்பட்ட அதே மனிதர், நிவாரண வேலை செய்பவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதும் என்றார். உடலுழைப்புக்கு இது போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடிய பிறகே கூலி கூடியது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

பணி ஓய்வுக்குப் பின் இதையெல்லாம் படித்தபோதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு நினைவுக்கு வந்தது. கொள்ளுத்தாத்தா திருடவில்லை. எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. விலை ஏறும்வரை மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருந்தார், அவ்வளவுதான். ஊரில் எல்லா மண்டிக்காரர்களும் செய்தது அது.

வட்ட வழங்கல் அலுவலகத்தில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். வியாபாரி லாபம் பார்க்காமல் கடை நடத்த முடியாது என்பது தெரியும். சுமைகூலி, வண்டிச் சத்தம், எலி தின்றது போக அவனும் பிழைக்க வேண்டும். ஆனால் உழைப்புக்கு வரும் லாபம் வேறு, அடுத்தவன் பசி முற்றட்டும் என்று காத்திருந்து எடுக்கும் லாபம் வேறு. புடவை விலை ஏறினால் அடுத்த தீபாவளிக்கு வாங்கிக்கொள்ளலாம். சோற்றையும் மருந்தையும் அப்படித் தள்ளிப்போட முடியுமா?

அப்பத்தா இருந்தவரை எங்கள் திண்ணையில் தினமும் மதியம் ஒரு பானை கேழ்வரகுக் கூழ் இருக்கும். வழிப்போக்கர் யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். மாமனார் கடைசிக் காலத்தில் ஆரம்பித்து வைத்த வழக்கம் என்பார். தர்மம் என்றே நினைத்திருந்தேன். இப்போது, கடன் அடைத்தார்களோ என்று தோன்றுகிறது.