மூட்டுவலி ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை ஏன்? கொஞ்சம் வரலாறு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முடக்குவாதத்துக்கு இப்போது ‘பயாலஜிக்’ என்று ஒரு வகை ஊசி போடுகிறார்கள். அதைத் தொடங்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரே, கையில் ஒரு தோல் பரிசோதனை அல்லது ரத்தப் பரிசோதனை என்று காசநோய்க்காகச் சோதிக்கிறார்கள். “மூட்டு வலிக்குப் போனால் டி.பி. டெஸ்ட் எழுதுகிறார்களே, காசு பிடுங்கத்தானே?” என்று நம் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. இந்த இரண்டு நோய்களுக்கும் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு விசித்திரமான உறவு உண்டு.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். 1890-ல், அதே கிருமியிலிருந்து எடுத்த ஒரு சாற்றை மருந்தென்று அறிவித்தார். அதுதான் டியூபர்குலின். உலகம் முழுவதிலிருந்தும் நோயாளிகள் பெர்லினுக்கு ஓடினார்கள். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயிலும் போனார். அவர் தொழிலால் டாக்டர். போய்ப் பார்த்துவிட்டு, ‘இதை நம்பி அவசரப்படாதீர்கள்’ என்ற தொனியில் எழுதினார். அவர் சந்தேகம் சரியாகப் போயிற்று. அந்தச் சாறு யாரையும் குணமாக்கவில்லை. ஆனால் காசநோய்க் கிருமி உள்ளே போயிருந்தவர்களுக்கு மட்டும் அது கடுமையான எதிர்வினையைக் கிளப்பியது. மருந்தாகத் தோற்றது சோதனையாகப் பிழைத்தது. 1907-ல் வியன்னாவின் பிர்கே அதைத் தோலில் கீறிப் பார்த்தார். 1908-ல் பிரான்ஸின் சார்ல் மாந்து தோலுக்குள் ஊசியால் ஏற்றினார். இன்றைக்கும் முன்கையில் போட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்கிறார்களே, அது அவர் பெயரில் உள்ள சோதனைதான். அளப்பது சிவப்பை அல்ல, தடித்திருக்கும் பகுதியை. இது பலருக்குத் தெரியாது.

இன்னொரு வேடிக்கை. தங்கச் சேர்மம் ஒன்று காசநோய்க் கிருமியைச் சோதனைக் குடுவையில் தடுப்பதையும் கோக் பார்த்திருந்தார். அதை வைத்து 1920-களில் காசநோய்க்குத் தங்க ஊசி போட்டார்கள். முடக்குவாதமும் காசநோய் போன்ற ஒரு தொற்றாக இருக்கலாம் என்று எண்ணிய பிரெஞ்சு மருத்துவர் ழாக் ஃபாரஸ்தியே, 1929-ல் அந்தத் தங்கத்தை மூட்டு நோயாளிகளுக்குக் கொடுத்தார். அவர் எண்ணியது தப்பு. ஆனாலும் மருந்து ஓரளவு வேலை செய்தது! பல பத்தாண்டுகள் முடக்குவாதத்துக்குத் தங்க ஊசி போட்டதற்கு இதுதான் தொடக்கம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும், வீங்கிய மூட்டுக்குள் டி.என்.எஃப். என்ற ஒரு புரதம்தான் நெருப்பு மூட்டுகிறது என்று காட்டினார்கள். 1992-ல் அதைத் தடுக்கும் மருந்தை முதல் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பலன் நன்றாக இருந்தது. இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற அந்த மருந்துக்கு அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கான அனுமதி 1999-ல் கிடைத்தது.

ஆனால் டி.என்.எஃப். வெறும் வில்லன் அல்ல. காசநோய்க் கிருமி உள்ளே வந்தால் உடம்பால் அதை எப்போதும் முழுக்கக் கொல்ல முடிவதில்லை. அப்போது அணுக்கள் சுற்றி நின்று ஒரு சுவர் கட்டிக் கிருமியை உள்ளே அடைத்துவிடும். கிருமி தூங்கும், மனிதர் நோயில்லாமல் வாழ்வார். அந்தச் சுவரைச் சரியாமல் வைத்திருப்பதில் டி.என்.எஃப்.புக்குப் பெரிய பங்கு. அது வேலை செய்யாத எலிகள் காசநோயில் சீக்கிரம் செத்துப்போவதை 1995-லேயே ஆய்வுக்கூடத்தில் பார்த்திருந்தார்கள்.

மனிதர்களில் அது தெரியவந்தது 2001-ல். அந்த அக்டோபரில் ஜோசஃப் கீனும் உடன் ஆய்வு செய்தவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவரை உலகில் சுமார் 1,47,000 பேருக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் கொடுத்திருந்தார்கள். காசநோய் வந்ததாகப் பதிவானவர்கள் 70 பேர். இவ்வளவுதானா என்று தோன்றும். அதில் 64 பேர் காசநோய் அரிதான நாடுகளைச் சேர்ந்தவர்கள். 48 பேருக்கு மூன்று ஊசிக்குள்ளேயே வந்துவிட்டது. 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே இருந்தது. இவ்வளவு சீக்கிரம் வருகிறதென்றால், பெரும்பாலும் பழைய கிருமி சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது என்றுதான் அர்த்தம். அந்த ஆண்டே மருந்துச் சீட்டில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சானது. ஸ்பெயினில் 2002-ல் முன்பரிசோதனை விதிகளைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு இந்த மருந்து எடுப்பவர்களிடையே காசநோய் 78 சதவீதம் குறைந்ததாக 2005-ல் கணக்குக் காட்டினார்கள். ஒரு பரிசோதனையால் இவ்வளவு பலன்!

அங்கேயே அப்படியென்றால் நம் நாட்டில்? 2019–21 தேசியக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 31 சதவீதம் பேருக்குக் கிருமி உள்ளே இருப்பதாகத் தெரிந்தது. உறங்கும் கிருமி, நோய் அல்ல.

இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் வாட்ஸ்ஆப் கேள்வி மட்டுமில்லை. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண்ணுக்கு விரல்கள் வளைய ஆரம்பித்துவிட்டன. ஊசி எழுதிக் கொடுத்து மூன்று மாதமாகியும் பரிசோதனைக்குப் போகவில்லை. “டீச்சர், டி.பி. டெஸ்ட்டுன்னு மாமியார் காதுல விழுந்தா தட்டு, டம்ளரைத் தனியா வச்சிடுவாங்க” என்றாள். “அதுவுமில்லாம எனக்குத்தான் கையில தடுப்பூசித் தழும்பு இருக்கே” என்றும் சொன்னாள். இரண்டுக்கும் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது.

1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோய் முற்றியவர்களையே இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை சானடோரியத்திலும் மறு பிரிவை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நோய் வந்தவர் கதையே இப்படி. கிருமி வெறுமனே உறங்குபவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. தட்டு, டம்ளர் பேச்சுக்கே இடமில்லை.

தழும்பு விஷயம்: 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியை மிகப் பெரிய அளவில் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது, அதனால்தான் இன்றும் போடுகிறோம். ஆகவே கையில் உள்ள தழும்பு பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. அந்தத் தடுப்பூசியால் தோல் சோதனை சில சமயம் ஏமாற்றுவதும் உண்டு. அதற்காகத்தான் பி.சி.ஜி.யால் குழம்பாத ‘இக்ரா’ ரத்தப் பரிசோதனை வந்தது. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு இரண்டுமே பொய்யாக ‘இல்லை’ என்று காட்டலாம் என்பதால் எக்ஸ்ரேயையும், வீட்டில் யாருக்காவது முன்பு வந்ததா என்ற விசாரிப்பையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அந்த விசாரிப்பில் எதையும் மறைக்காதீர்கள். தாத்தாவுக்கு வந்திருந்தாலும் சொல்லுங்கள்.

உறங்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் ஊசி கிடையாது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சில மாதங்கள் தடுப்பு மாத்திரை கொடுத்து, குறைந்தது ஒரு மாதம் கழித்து ஊசியைத் தொடங்குகிறார்கள். அந்த மாத்திரை கல்லீரலைத் தொடும் என்பதால் இடையில் ரத்தம் பார்ப்பார்கள். பயாலஜிக் எல்லாம் ஒன்றுபோல் அல்ல. எட்டனர்செப்ட்டுக்கு இந்த ஆபத்து இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் அளவுக்கு இல்லை. உங்கள் ஊசியின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனை ‘இல்லை’ என்று வந்த பிறகும், ஊசி போடும் காலத்தில் மாலைக் காய்ச்சல், எடை குறைதல், கழுத்தில் கட்டி, விடாத இருமல் எது வந்தாலும் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இருமல் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். அந்த 70 பேரில் 40 பேருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியேதான் இருந்தது.