ஒரே பந்தயம், இரண்டு வீரர்கள்

போன எபிசோடுல ஒலிம்பிக் பதக்கங்களைப் பற்றிப் பேசினோம். இன்னைக்கு, பதக்கம் வாங்கின பிறகு ஒரு இளைஞருக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கலாம்.

1964 அக்டோபர் 21. டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தான். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா முதல்ல வந்துட்டார். இரண்டாவதாக மைதானத்துக்குள் நுழைந்தவர் ஜப்பானின் கோகிச்சி சுபுராயா. 24 வயது, தற்காப்புப் படை வீரர். சொந்த ஊர் ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பிரிட்டனின் பேசில் ஹீட்லி மைதானத்துக்குள்ளேயே அவரை முந்திட்டார். கிடைத்தது வெண்கலம். அந்த ஒலிம்பிக்கில் தடகளத்தில் ஜப்பான் வாங்கிய ஒரே பதக்கமும் அதுதான். ஆனா சுபுராயா அதை வெற்றியா நினைக்கலை. 1968ல் மெக்சிகோவில் இதை ஈடுகட்டியே ஆகணும்னு முடிவு பண்ணிட்டார்.

அதே பந்தயத்தில் கென்ஜி கிமிஹாரா எட்டாவதாக வந்தார். அவரும் மனம் உடைஞ்சு, ஓட்டமே வேண்டாம்னு ஒதுங்கினார். இங்கேதான் இரண்டு பேர் கதையும் பிரியுது.

கிமிஹாராவின் பயிற்சியாளர் அவரை அவசரப்படுத்தலை. கிமிஹாரா கல்யாணம் செஞ்சுகிட்டார், மெதுவா ஓட்டத்துக்குத் திரும்பினார். 1966ல் பாஸ்டன் மாரத்தானில் முதலிடம்!

சுபுராயாவும் கல்யாணம் செஞ்சுக்க விரும்பினார். மேலதிகாரி, மெக்சிகோ முடியட்டும்னு தடுத்துட்டார். அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை. அவருக்காகப் பேசிய பயிற்சியாளரும் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார். 1967ல் இடுப்பு வலிக்கு அறுவை சிகிச்சை. உடம்பு பழைய மாதிரி ஒத்துழைக்கலை.

1968 ஜனவரி 9ஆம் தேதி சுபுராயா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 27. குடும்பத்துக்கு எழுதி வைத்த கடிதத்தில், புத்தாண்டுக்கு அவர்கள் கொடுத்த சாப்பாட்டை ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி சொல்லியிருந்தார். களைத்துப் போய்விட்டதாகவும், இனி ஓட முடியாது என்றும் எழுதியிருந்தார்.

அதே வருஷம் மெக்சிகோவில் கிமிஹாரா வெள்ளி வென்றார், நண்பரை நினைத்துக்கொண்டே ஓடினார்.

ஒரு தற்கொலைக்கு ஒரே காரணம்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா என்னை உறுத்துறது இதுதான்: இரண்டு பேருக்கும் சோர்வு வந்தது. ஒருத்தரை ஓய்வெடுக்க விட்டாங்க, இன்னொருத்தரை விடலை. உங்க வீட்டுப் பிள்ளை மைதானத்துலேர்ந்து திரும்பினதும், ஜெயிச்சியான்னு கேட்கிறதுக்கு முன்னாடி, எப்படிப்பா இருக்கேன்னு ஒரு தடவை கேளுங்க. மனசு கனத்தா, 14416 டெலி மானஸ் எண்ணில் பேசலாம், கட்டணம் கிடையாது. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.