திருவொற்றியூரின் தங்கக் கோடு

1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் வேரூன்றியது. அங்கே புல்லட் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் ஓடும் மெல்லிய தங்கநிறக் கோட்டை மனிதர்களே தூரிகையால் இழுத்தார்கள். அளவுகோல் கிடையாது, அச்சு கிடையாது. இதைக் கைத்திறன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெருமையில் பாதி கண்ணுக்குச் சேர வேண்டும். 1999-இல் இங்கிலாந்தில் பார்வை ஆய்வாளர் மைக்கேல் லேண்டும் சக ஆய்வாளர்களும் தேநீர் போடுகிறவர்களின் தலையில் கருவி பொருத்திக் கண்ணசைவைப் பதிவுசெய்தார்கள். கெட்டிலைக் கை தொடுவதற்குச் சுமார் அரை விநாடி முன்பே கண் அங்கே போய்விடுகிறது. வேலைக்குச் சம்பந்தமில்லாத பொருளை அது ஏறக்குறையப் பார்ப்பதே இல்லை. கை, கண்ணின் பின்னால் வருகிறது.

கெட்டில் எதிரே இருக்கும் பொருள், வெறும் டேங்கில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் லேண்டும் டேவிட் லீயும் 1994-இல் கார் ஓட்டுகிறவர்களைச் சோதித்தபோது, வளைவு வருவதற்கு ஓரிரு விநாடி முன்பே அவர்கள் கண் அதன் உள்விளிம்பைத் தேடிப் பிடித்தது. டேங்கின் வளைவிலும் தூரிகை நுனிக்குச் சற்று முன்னால்தான் கண் நடந்திருக்கும் என்பது என் முடிவு. நுனியையே பார்த்துக்கொண்டிருந்தால் கோடு நெளியும். 2013-இல் ஒரகடத்தில் புதிய ஆலை வந்த பிறகும் அந்தக் கோட்டைக் கைக்கே விட்டார்கள்.