சூப்பர்மேனும் கேப்டன் மார்வெலும்

1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் அட்டையில், சூப்பர்மேன் ஒரு பச்சைக் காரைத் தூக்கிப் பாறையில் மோதுகிறான். மூலையில் ஒருவன் தலையில் கைவைத்தபடி ஓடுகிறான். 1940 பிப்ரவரி தேதியிட்ட ‘விஸ் காமிக்ஸ்’ அட்டையில், சிவப்பு உடையில் கேப்டன் மார்வெல் ஒரு காரைச் சுவரில் வீசியடிக்கிறான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழக்கு வந்ததில் வியப்பில்லை.

ஆனால் அட்டையைத் தாண்டி உள்ளே போனால் இருவரும் வேறு. சூப்பர்மேன் வேற்றுக் கிரகத்தில் பிறந்தவன். நிருபராக நடிக்கும்போதும் பலம் அவனிடமே இருக்கிறது. கேப்டன் மார்வெலுக்குள் இருப்பவனோ பில்லி பேட்சன் என்ற அநாதைச் சிறுவன். ‘ஷசாம்’ என்று சொன்னால் இடி இறங்கும், சிறுவன் வீரனாவான். அமெரிக்கப் பிள்ளைகளை ஈர்த்தது அந்த ஒற்றைச் சொல்தான் என்பது என் எண்ணம். ஓவியர் சி. சி. பெக்கின் கோடுகளில் வீண் நிழல் கிடையாது. கதைகளில் பாதிக்கு மேல் எழுதிய ஓட்டோ பைண்டர், கோட்டுப் போட்ட பேசும் புலியையும், உலகை ஆளத் துடிக்கும் ஒரு புழுவையும் கூசாமல் உள்ளே கொண்டுவந்தார். 1940களின் நடுவில் ‘கேப்டன் மார்வெல் அட்வெஞ்சர்ஸ்’ விற்பனையில் சூப்பர்மேனை முந்தியது. சில காலம் இரு வாரத்துக்கு ஓர் இதழாகவும் வந்தது. படக்கதை சூப்பர் ஹீரோக்களில் முதலில் திரைக்குப் போனதும் இவன்தான், 1941இல்.

அதே ஆண்டில் சூப்பர்மேனின் பதிப்பாளர், இன்று டிசி எனப்படும் நிறுவனம், கேப்டன் மார்வெலின் பதிப்பாளரான ஃபாசெட் மீது, அவன் சூப்பர்மேனின் நகல் என்று வழக்குத் தொடுத்தது. இழுத்தடித்து 1951இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு டிசி பக்கம் சாய்ந்தது. அதற்குள் சூப்பர் ஹீரோ இதழ்களின் விற்பனையும் சரிந்திருந்தது. 1953இல் ஃபாசெட் டிசிக்கு 4,00,000 டாலர் கொடுத்து, கேப்டன் மார்வெலை நிறுத்திக்கொண்டது. அந்தக் கதைகளின் பிரிட்டிஷ் பதிப்பாளர் கைவசம் கதை இல்லாமல், 1954இல் ‘மார்வெல்மேன்’ என்றொரு நாயகனை உருவாக்கி ஒப்பேற்ற வேண்டியதாயிற்று.

ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. வேலை இழந்த பைண்டர் டிசிக்கே சூப்பர்மேன் கதைகள் எழுதப் போனார். 1942இல் கேப்டனுக்கு மேரி மார்வெல் என்ற இரட்டைச் சகோதரியைப் படைத்ததில் பங்குகொண்டவர், 1959இல் சூப்பர்மேனுக்கு ஒன்றுவிட்ட தங்கையாக சூப்பர்கேர்லை எழுதினார். ஃபாசெட்டில் வரைந்த கர்ட் ஷாஃபென்பெர்கர் சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேன் பெயரில் வந்த இதழின் ஓவியரானார். 1950களின் பிற்பகுதியில் சூப்பர்மேன் கதைகளில் புகுந்த குடும்பப் பாங்கும் குறும்பும் ஃபாசெட் பட்டறையில் பழகியவை. நகல் என்று வழக்காடி வென்றவர்கள், அந்தக் கைகளைத்தான் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

சூப்பர்மேனின் இதழ் ஓட்டம் பெரிதாக அறுபடவில்லை; 2018இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 1000ஆவது இதழைத் தொட்டது. அவனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 130 டாலருக்கு உரிமையை விற்றவர்கள்; அவர்கள் ஆண்டு உதவித்தொகை பெறவே 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேப்டன் மார்வெலை 1973இல் டிசியே உரிமம் பெற்று மீண்டும் கொண்டுவந்தது. அதற்குள் பெயர் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. 1967இலேயே மார்வெல் காமிக்ஸ் அந்தப் பெயரில் வேறொரு வீரனை இறக்கியிருந்தது. அதனால் அட்டையில் ‘ஷசாம்!’ என்றே அச்சிட்டார்கள். வரைய பெக்கையே அழைத்தார்கள். கதைகள் பிடிக்காமல் அவர் சில இதழ்களிலேயே விலகினார்; தொடர் 35 இதழ்களோடு 1978இல் நின்றது.